இருநூற்றுப் பதினேழைத் தூக்கி வந்தோம்

முசரவாக்கம் முதல் தென்னேரி வரையிலான மின்கம்பங்களுக்கெல்லாம் முடிசூடா மன்னனும், ஆறடிக்கு மேல் வளர்ந்த அநியாயக்காரனும், என் ஒரே தங்கையின் கணவனும், எட்டாம் வகுப்பு பெஞ்சிலிருந்தே எனக்குக் கூட்டாளியுமான என் செல்ல மாப்ளை ஏகாம்பரத்துக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. அங்கே எதை நலம் என்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. சாலை எப்படி இருக்கிறது? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? சைக்கிளுக்கு அனுமதி உண்டா? இல்லையென்றால் இந்நேரம் நீ நான்கு மனு கொடுத்து, மேலே இருப்பவரின் தூக்கத்தைக் கெடுத்திருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குனிச் சவாரி முடிந்துவிட்டது. நீயும் முடித்துவிட்டாய். எப்படி முடித்தாய் என்று உனக்கே தெரிந்திருக்காது, அதனால்தான் இந்தக் கடிதம். நம் ஊர்ச் சைக்கிள்காரர்கள் போடும் மலரில் இதைக் கொடுக்கிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்கட்டும். உனக்குத் தெரிந்த சங்கதியையே உனக்குச் சொல்கிறேனே என்று இடையில் கோபித்துக்கொள்ளாதே. அது ஒட்டுக்கேட்பவர்களுக்காக.

அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். தங்கை புருஷனை இப்படி 'நீ, வா, போ' என்று எழுதுகிறானே, இவனுக்கு மரியாதை தெரியாதா என்று நினைப்பார்கள். உனக்கு மல்லிகாவைக் கட்டிக்கொடுத்த அன்று, இனிமேல் 'வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை' என்றுதான் பேச வேண்டும் என்று என் அப்பா உத்தரவு போட்டார். நானும் சத்தியம் செய்தேன். முதல் பந்தி முடிவதற்குள் 'டேய், என் அப்பளத்த எங்கடா?' என்று மண்டபமே அதிரக் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அப்பா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காஞ்சி மாநகர ஈருருளிப் பெரும்படை என்று நம் குழுவுக்கு நான் பெயர் வைத்தேன். படையின் மொத்த பலம் நான்கு. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டரான நீ. கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் நான். பேக்கரி வைத்திருக்கும் ஜாபர் பாய். அரிசி மண்டி ஜினதாஸ் நயினார். விடியற்காலையில் கிளம்பி வாலாஜாபாத் வரை போய், டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். உலகத்தின் வேறெந்தப் படையும் இவ்வளவு வடை தின்றுவிட்டு இவ்வளவு வேகமாகப் போனதாக வரலாறு இல்லை.

அந்த வேகத்துக்குக் காரணம் நீ. நம் தெருப் பெருமாள் கோயிலில் நீ வருஷக்கணக்காகப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தவன். சிவன் பெயரை வைத்துக்கொண்டு பெருமாளைச் சுமக்கிறாயே என்று கேட்டால், "அவருக்கே ஆட்சேபணை இல்ல, உனக்கென்னா மச்சான்?" என்பாய். சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றுவதற்காக வழியில் நிற்பதில்லை, பல்லக்கைத் தரையில் வைப்பதில்லை. ஒருவனுக்குத் தோள் வலித்தால் குரல் கொடுப்பான். அடுத்தவன் நடந்தபடியே தண்டுக்குக் கீழே நுழைவான். பெருமாளின் மாலைகூட அசையாது.

அதை நீ சைக்கிளுக்குக் கொண்டுவந்தாய். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான், பின்னால் வருகிறவர்கள் அவன் நிழலில் சுகமாக வருகிறார்கள். அவன் களைத்தால் "தோள் மாத்து!" என்று கத்திவிட்டு வலப்பக்கம் ஒதுங்கிப் பின்னால் வருவான், அடுத்தவன் முன்னால் போவான். சென்னையிலிருந்து பளபளவென்ற சட்டையில் வரும் பையன்கள் இதற்கு ஏதோ ஆங்கிலப் பெயர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இதில் நீ மட்டும் ஒரு விதியை மீறினாய். உன் முறை முடிந்ததும் எல்லோருக்கும் கடைசியில் போய் ஒட்டிக்கொள்வாய். பையில் பம்பும் ஆரஞ்சு மிட்டாயும் இருக்கும். யார் பின்தங்கினாலும் அவனுக்கும் பின்னால் நீ இருப்பாய்.

என் உயரத்தைப் பற்றி ஊரில் பல வதந்திகள் உலவுகின்றன. அத்தனையும் உண்மை. பல்லக்கில் தோளுக்குத் தோள் சமமாக இருக்க வேண்டும், ஒரு தோள் தாழ்ந்தால் சாமி அந்தப் பக்கம் சாய்வார். வாலிபத்தில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை நானும் தோள் கொடுப்பேன் என்று அடம்பிடித்து உள்ளே நுழைந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தண்டு என் தலைக்கு மேலே மேகம்போலப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைத் தொடாமலே தெருக்கோடி வரை நடந்தேன். பிறகு குடை பிடிக்கச் சொன்னார்கள். குடை பெருமாளின் காதில் இடித்தது. கடைசியில் சுண்டல் தூக்கைக் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து இந்தப் பேரரசின் சுண்டல் அமைச்சர் நான். பதவிக்குப் போட்டியே இல்லை.

அடுத்து சொல்லப்போவதை மட்டும் நான் பெரிதாக்கிச் சொல்லப்போவதில்லை.

ஐப்பசி மழையில் நீ போனாய். தூக்கத்திலேயே போய்விட்டாய், யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் மழை விட்டதும் கோயிலில் உன்னோடு தோள் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். உயரம் பார்த்து ஆளை நிறுத்தினார்கள். நானும் போய் நின்றேன். அவர்களில் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். "கோதண்டம், நீ பொரிப் பைய எடுத்துக்கோப்பா. பாடை சாஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சரி என்று சொல்லிப் பொரிப் பையை வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் இறைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் "தோள் மாத்து, தோள் மாத்து" என்று குரல் கேட்டுக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ தோள் மாறினாய், மாப்ளை. என் தோளுக்கு மட்டும் வரவில்லை.

மாசி மாதத்தில் உன் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. உன் மகள் நித்யா பிரித்தாள். பங்குனிச் சவாரிக்காகப் புரட்டாசியிலேயே நம் நாலு பேருக்கும் நீ பெயர் கொடுத்துவைத்திருந்தாயே, அதற்கான எண் அட்டைகள். சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டையின் முதுகில் சின்னதாக ஒரு சிப் ஒட்டியிருக்கும். முடிக்கிற இடத்தில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தாண்டினால் 'கீங்' என்று சத்தம் வந்து, பெயர் கணினியில் ஏறிவிடும். உன் எண் இருநூற்றுப் பதினேழு. பக்கத்தில் உன் பெயர், கொட்டை எழுத்தில்.

மல்லிகா அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். உனக்குப் பிறகு அவள் கோயிலுக்கும் கடைக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது.

"அவரு பேரு போட்டு வந்திருக்குதுண்ணா. திருப்பி அனுப்பிடட்டுமா?"

"எதுக்குத் திருப்பணும்? நாங்க தூக்கிக்கினு போறோம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது, ஐப்பசியிலிருந்து என் நெஞ்சில் என்ன உட்கார்ந்திருக்கிறதென்று. எண் அட்டைக்கு உயரம் கிடையாது. அது சாயாது.

நித்யா அப்போதே உன் சைக்கிளின் சீட்டை ஒரு சாண் இறக்கிவிட்டாள். "அப்பா சைக்கிள நான் ஓட்டுறேன் மாமா. எனக்குன்னு நம்பர் வாங்கிக்கிறேன். அப்பா நம்பர நாம நாலு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்கினு போலாம்" என்றாள். சவாரி நடத்தும் பையனுக்குப் போன் போட்டு, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். "மேடம், ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் எடுத்துக்கினு போகக் கூடாதுன்னுதான் ரூல். ஆனா இறந்தவங்களப் பத்தி ரூல்ல ஒண்ணுமே போடல" என்றான். அந்தப் பையன் பெரிய வக்கீலாக வருவான். "ஆனா மேடம், பத்து மணிக்குப் பாய சுருட்டிடுவோம். அதுக்கப்புறம் யாரு வந்தாலும் மெஷின்ல ஏறாது" என்றும் சொன்னான்.

அறுபது கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பினால் பத்து மணி என்பது நமக்கு ஒரு பொருட்டா? எட்டரைக்கே வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன் என்று ஊரெல்லாம் அறிவித்தேன்.

அட்டையை எப்படிக் கைமாற்றுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. நின்று மாற்றிக்கொள்ளலாம் என்றாள் நித்யா. நயினார் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏகாம்பரம் எங்கயாச்சும் நின்னு தோள் மாத்தினதுண்டா? ஓடுற ஓட்டத்துலதான் மாத்தணும். கீழயும் படக் கூடாது" என்றார். சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஒருவர் நீட்ட, பக்கத்தில் வருகிறவர் வாங்கிக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். உன் அட்டையை வைத்துப் பழக மனம் வரவில்லை. ஜாபர் பாய் தன் கடையிலிருந்து ரொட்டி பாக்கெட் கொண்டுவந்தார். முதல் வாரத்தில் நாங்கள் கீழே போட்ட ரொட்டிக்குக் கணக்கே கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து நாய்கள் வர ஆரம்பித்தன. இரண்டாம் வாரத்தில் செங்கல்பட்டு ஜில்லாவின் மொத்த நாய்களும் விடியற்காலையில் நம் தெருமுனையில் ஒழுங்காக வரிசையில் நின்றன. எங்களைவிட அவை நன்றாகப் பயிற்சி எடுத்தன.

"பாய், ரொட்டிய விட்டுட்டு வேற எதையாச்சும் எடுத்துக்கினு வாயேன்" என்றேன்.

"கீழ போடாம புடிச்சா ரொட்டியே போதும் கோதண்டம்" என்றார். நியாயம்தானே. கடைசி வாரத்தில் ஒரு ரொட்டிகூட விழவில்லை. நாய்கள் மனமுடைந்து போயின.

அடுத்தது கடைசித் தோள் யாருக்கு என்ற சண்டை. கோயில் வாசலில் சாமியை உள்ளே கொண்டுபோகும் தோளுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள் என்பது உனக்குத் தெரியும். மகள் நான்தான் என்றாள் நித்யா. சின்ன வயதிலிருந்து எதிர்வீடு நான் என்றார் பாய். வயதில் மூத்தவன் நான் என்றார் நயினார். நான் வாயே திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமலிருந்தது அதுதான் முதல் தடவை என்பதால் எல்லோரும் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து மல்லிகா காபியோடு வந்தாள். டம்ளர்களைக் கீழே வைத்தபடியே, "கடைசித் தோளு அண்ணனுக்கு" என்றாள். காரணம் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பொரிப் பையோடு நடந்ததை அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எனக்கு அதுவரை தெரியாது.

சவாரி நாள் வந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து இருநூற்றுச் சொச்சம் சைக்கிள்கள் புறப்பட்டன. முதலில் முசரவாக்கம் போய்த் திரும்பி, ஊரைத் தாண்டி, வாலாஜாபாத், அப்புறம் தென்னேரி ஏரிக்கரை, அங்கிருந்து மறுபடி மைதானம். மல்லிகா வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்று கதவோடு நின்றுவிட்டாள்.

முதல் தோள் நயினாருக்கு. சமணர் என்பதால் சூரியன் உதிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர், வெறும் வயிற்றோடு காற்றைக் கிழித்துக்கொண்டு போனார். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். ஆனால் ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் கடைசியில் யாரோ குறைகிறார்கள் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. நம் படையில் நாலு பேர்தான். அன்றைக்கும் நாலு பேர்தான் இருந்தோம். அப்புறம் எப்படிக் குறையும், சொல்?

இப்போது என் நாக்கு செய்த வேலையைச் சொல்கிறேன். பயிற்சி நாட்களில் வழியிலிருந்த ஒவ்வொரு டீக்கடையிலும் நான் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தேன். 'பங்குனி ஞாயித்துக்கிழம நம்ம ஏகாம்பரம் நம்பர் அட்டையில ஏறிக்கினு இந்தப் பக்கமா வரான். கூடவே ஐயாயிரம் சைக்கிளு' என்று. எனக்கு அது சாதாரணப் பேச்சு. நான் சொன்னால் ஊர்க்காரர்கள் இரண்டு பூஜ்யத்தைக் கழித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாதே!

முசரவாக்கத்தில் ஒரு அம்மா குடத்தில் நீர்மோரோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். புயல் அடித்த வருஷம் நீ கம்பத்தில் ஏறி அவள் வீட்டு மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தாயாம். "லைன்மேனு எங்கப்பா? எந்த சைக்கிள்ல இருக்காரு?" என்று கேட்டாள். நயினார் தன் கைப்பிடியைக் காட்டினார். அவள் எண் அட்டையைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் மோர் குடிக்காமல் எப்படிக் கிளம்புவது?

இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு என்கிறேன். சாமி புறப்பாட்டில் பழகியவர்கள் நாங்கள். வாசலில் ஒருவர் தட்டோடு நின்றால் பல்லக்கு நிற்கும், தீபாராதனை ஆகும், அப்புறம்தான் நகரும். சென்னைப் பையன்கள் ரேஸ் ஓட்டினார்கள், நாங்கள் உன்னை ஊர்வலம் கூட்டிப்போனோம். ஒரு இடத்தில் பானகம். ஒரு இடத்தில் மாலை. வாலாஜாபாத் டீக்கடைக்காரர் உன் கணக்கில் என்று சொல்லி நாலு டீ போட்டார். "மாமா, டைம்! மாமா, டைம்!" என்று நித்யா கதறிக்கொண்டே வந்தாள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அவளும்தான் இறங்கினாள். ஒவ்வொருவரும் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வரி சொன்னார்கள். அதை விட்டுவிட்டு அவள் எப்படி வருவாள்?

தென்னேரி ஏரிக்கரையில்தான் பேரிடி விழுந்தது. அரசமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். கீழே மூன்று பெரிய அண்டா நிறைய சர்க்கரைப் பொங்கல். அண்டாவின் கழுத்தில் என் கடை முத்திரை! தென்னேரிக்கு வாடகைக்குப் போன அந்த மூன்று அண்டாவையும் நானே ஆள் வைத்து ஏற்றி அனுப்பியிருக்கிறேன். யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூடக் கேட்கவில்லை.

ஊர்த் தலைவியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு முன்னால் போன இருநூறு பேரும் காக்காய்க் கூட்டம்போலப் பறந்துவிட்டார்களாம். ஒருவன்கூடக் கால் ஊன்றவில்லை. பொங்கல் அப்படியே இருந்தது.

"ஐயாயிரம் பேருன்னு சொன்னியேப்பா, எங்க?"

"பின்னாடி வந்துக்கினு இருக்காங்கம்மா" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு மாடு வந்துகொண்டிருந்தது.

"மாமா சொன்னா அப்படித்தாங்க, நாலு பேருன்னு எடுத்துக்கோங்க" என்றாள் நித்யா. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊரே இருட்டா கிடந்தப்ப உங்கப்பா இந்தக் கரையிலயே படுத்துக் கெடந்து லைன் குடுத்தாரும்மா. நாலு பேரோ நாப்பது பேரோ, சாப்டுட்டுத்தான் போவணும்" என்றார். உன் அட்டைக்குக் கற்பூரம் காட்டினார்கள். முதல் கரண்டிப் பொங்கலை இலையில் வைத்து உனக்கு முன்னால் நீட்டினார்கள். அப்புறம் எங்களுக்கு. ஐயாயிரம் பேருக்கான பொங்கலில் ஐந்நூறு பேருக்கானதை நான் ஒருவனே தின்றேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம்.

கிளம்பும்போது நித்யா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

கரையை விட்டு இறங்கியதும் எதிர்க்காற்று. பங்குனி வெயில் வேறு. கைலாயத்திலிருந்து நேராக எங்கள் மார்பைக் குறிபார்த்து அனுப்பிய காற்று அது. அப்போது உன் அட்டை பாயிடம் இருந்தது. அவர் முழங்கால் பிடித்துக்கொண்டது. "தோள் மாத்து!" என்றார். நித்யா வாங்கினாள். வாலாஜாபாத் தாண்டும்வரை கொண்டுவந்தாள். அங்கே மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாமல் ஏதோ பேசிவைத்திருக்கிறார்கள்.

"மாமா, தோள் மாத்து!"

"இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது, என் முறை கடைசியிலதானே?"

"இதுதான் கடைசி. இனிமே வீடு வரைக்கும் உங்களுதுதான். நாங்க மூணு பேரும் காத்த மறைச்சிக்கினு முன்னாடி போறோம். நீங்க அப்பாவ மட்டும் பாத்துக்கோங்க."

கையை நீட்டினேன். பொங்கல் பிசுக்கும் மாலை ஈரமும் கலந்த உன் அட்டை என் கைக்கு வந்தது. கைப்பிடியில் உனக்கு இடம் வேண்டும் என்று என் அட்டையைக் காலையிலேயே சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்தேன். உன்னை மாட்டினேன். காற்றில் அட்டை படபடவென்று மணியில் தட்டியது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, 'மிதிடா, மிதிடா' என்று என் தோளைத் தட்டிக்கொண்டே வருவாயே, அதே தாளம்.

மாப்ளை, நீ கனக்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் கனத்தாய். தொடை எரிந்தது. கண்ணில் வியர்வை. மூன்று முதுகுகள் முன்னால் தெரிந்தன, நடுவில் உன் மகளுடையது. அவர்கள் தங்களுக்குள்ளேயே தோள் மாற்றிக்கொண்டார்கள். என்னை யாரும் மாற்றச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊர் எல்லை வந்ததும் பத்து மணிச் சங்கு எங்கோ ஊதியது. நித்யாவின் தலை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது. ஒருவரும் நிறுத்தவில்லை.

இனி வருவது நான் பார்க்காதது. ரப்பர் பாயைச் சுருட்ட வந்த, அன்று போனில் பேசிய அந்தப் பையனே பிறகு சொன்னது.

பத்து மணிக்கு அவன் பாயின் ஓரத்தைத் தூக்கப் போயிருக்கிறான். ஒரு அம்மா வந்து நடுவில் ஏறி நின்றிருக்கிறாள். காலில் செருப்பில்லை. உன் மல்லிகா. வீட்டிலிருந்து தனியாக நடந்தே வந்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்க. பாய வண்டியில ஏத்தணும்."

"இன்னும் ஒருத்தரு வரணும்பா."

"டைம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி."

"சாமி வெளிய போயிருக்குது. அது உள்ள வராம கதவ சாத்துவாங்களா? உங்க ஊர்ல எப்படியோ, காஞ்சிபுரத்துல சாத்த மாட்டாங்க."

"ஆன்ட்டி, ரூலு…"

"நான் நிக்கிறேன். முடிஞ்சா சுருட்டிக்கோ."

ஆறு மாதமாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள்! அவன் யார் வருகிறார்கள் என்று கேட்டானாம். இருநூற்றுப் பதினேழு என்றாளாம். பையன் பாயைக் கீழே விட்டுவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறான். உட்கார்ந்தால் சுருட்டிவிடுவான் என்று அவள் உட்காரவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்தோம். காற்று அடங்கியிருந்தது. மற்ற மூவரும் வேகத்தைக் குறைத்தார்கள், நான் முன்னால் போகட்டும் என்று. நான் போகவில்லை. "போங்க. நாங்க பின்னாடி வரோம்" என்றேன். ஆமாம், நாங்கள் என்றுதான் வாயில் வந்தது. கீங், கீங், கீங் என்று மூன்று பேரும் தாண்டினார்கள். மல்லிகா ஒதுங்கி வழிவிட்டாள். கடைசியாக என் சக்கரம் ஏறியது. ஒரு கீங். அது நீ. அரை நொடி கழித்து இன்னொரு கீங். அது நான், சீட்டுக்குப் பின்னால்.

பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. எனக்கு முன்னால் நீ. வாழ்நாளெல்லாம் வாலிலேயே வந்தவன், செத்த பிறகு என்னை முந்திவிட்டாய். இந்த அவமானத்தை நான் எந்தத் தண்ணீரில் கழுவுவது?

சைக்கிளை விட்டு இறங்கினேன். மல்லிகா வந்து கைப்பிடியிலிருந்த அட்டையை அவிழ்த்தாள். முந்தானையால் துடைத்தாள். மார்போடு வைத்துக்கொண்டாள். என் தோளில் ஒரு கையை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

"ரொம்ப வலிக்குதாண்ணா?"

எலும்பெல்லாம் தூளாகிவிட்டது, இமயமலையைச் சுமந்துவந்தேன் என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியாதா? நாக்கு நுனியில் நூறு வசனம் தயாராக நின்றது.

"கொஞ்சம்" என்றேன்.

அவள் சிரித்தாள். அப்புறம் அழுதாள். உன் மகளும் வந்து சேர்ந்துகொண்டாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேயிருந்தார். நயினார் அந்தப் பையனிடம், "தம்பி, பொங்கல் சாப்புடுறியா? தென்னேரில ரெண்டரை அண்டா மீதி இருக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்ளை, நம் வரிசையில் கடைசி இடம் ஐப்பசியிலிருந்து காலியாகவே இருந்தது. முன்னால் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கு இருந்த ஆசை உலகத்தில் வேறெவனுக்கும் இருந்ததில்லை. இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி வாலில் நான் வருகிறேன். உன் பம்பை மல்லிகாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆரஞ்சு மிட்டாயும் வாங்கிவிட்டேன். நித்யா பின்தங்கினாலும் பாய் பின்தங்கினாலும் அவர்களுக்கும் பின்னால் நான் இருப்பேன். மல்லிகாவுக்கும் அப்படித்தான். இதில் ஊர்க்காரர்கள் எந்தப் பூஜ்யத்தையும் கழிக்க வேண்டாம்.

ஒரு முறையாவது உன்னைச் சுமந்துவிட்ட,
உன் குள்ள மச்சான்,
கோதண்டம்